கணக்கில் வராத கூட்டம்

"சாராளக்கா, ஒண்ணாந்தேதிலர்ந்து இந்த வண்டி வராதாம்."

கண்டக்டர் பூபாலன் இதைச் சொன்னபோது பஸ் ஏரிக்கரை மேல் போய்க்கொண்டிருந்தது. பதில் சொல்ல சாராள் வாயைத் திறந்தாள். அதற்குள் மதகு வளைவு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு தலையை உள்பக்கமாகச் சாய்த்துக் குனிந்தாள். இடது பக்க ஜன்னலோரத்தில் இருந்த அத்தனை பெண்களும் அதே நேரத்தில் குனிந்தார்கள். கரையோரத்து வேலிகாத்தான் முள்மரத்தின் கிளை ஒவ்வொரு ஜன்னலாக உள்ளே எட்டிப் பார்த்து, கம்பிகளைச் சரசரவென்று சீவிக்கொண்டு பின்னால் போனது. தலைகள் நிமிர்ந்தன. மற்ற யாருடைய பேச்சும் நிற்கவில்லை.

"வராதுன்னா? இன்னா அர்த்தம்?" என்றாள் சாராள்.

"நிறுத்தறாங்க. இந்த ரூட்ல ஆளே ஏறலன்னு டெப்போவுல முடிவு பண்ணிட்டாங்க."

சாராள் திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டு வரை ஜனம். நின்றுகொண்டிருந்த பரிமளாவின் சாப்பாட்டுப் பை சாராளின் மடியில். இன்னொருத்தியின் கைக்குழந்தை யாரோ ஒருத்தியின் மடியில்.

"ஆளே ஏறலியா? அப்ப நாங்கல்லாம் யாரு, பேயா?"

பூபாலன் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் அவன் விளையாடவில்லை என்று சாராளுக்குப் புரிந்தது.

கொன்றைத்தாங்கல் என்ற ஊர் இருப்பதே பலருக்குத் தெரியாது. வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் அந்த ஊரின் கைகாட்டிப் பலகையைக் காரிலேயே தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு காலத்தில் ஊரே அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தது. இப்போது நாற்று நட ஆள் கிடைக்காது. மறைமலைநகர் கம்பெனிகளுக்குப் போகிறார்கள், மதுராந்தகத்துக் கடைகளில் நிற்கிறார்கள், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறார்கள், காலேஜுக்குப் போகிறார்கள். இத்தனை பேரையும் ஊரிலிருந்து வெளியே கொண்டுபோய் மறுபடி உள்ளே கொண்டுவந்து விடுவது இந்த ஒரு பஸ்தான். விடிந்ததும் டெப்போவிலிருந்து காலியாக வரும். தண்ணீர் டாங்கியைச் சுற்றித் திரும்பி, ஊரை அள்ளிக்கொண்டு படாளம் கூட்டுரோட்டில் இறக்கும். அங்கே கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். அவை யாருக்காகவும் காத்திருக்காது.

சாராள் வேலை பார்ப்பது காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தரும் கம்பெனி. இத்தனை வருஷமும் கான்ட்ராக்ட். போன வாரம் அதிகாரி கூப்பிட்டு, "லேட்டே வராதவங்க லிஸ்ட்ல நீங்க இருக்கீங்கம்மா. ஒண்ணாந்தேதி பர்மனென்ட் ஆர்டர். ஆறு மாசம் பார்ப்போம், அதுலயும் லேட் ஆகக் கூடாது" என்றார். சாராள் அன்று தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். கணவன் தாவீது மாமல்லபுரம் பக்கத்தில் ஓட்டல்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். சனிக்கிழமை வந்து ஞாயிறு கிளம்புகிறவன். காலையில் கொண்டுபோய் விட வீட்டில் ஆள் கிடையாது. அந்த நேரத்துக்கு ஷேர் ஆட்டோவும் வராது. ஸ்கூட்டி கற்றுக்கொள்ளலாம் என்று ஒருமுறை முயற்சி செய்து, வண்டியோடு ஏரிக் கால்வாயில் இறங்கியதை ஊர் இன்னும் மறக்கவில்லை.

வேலை நிரந்தரமாகிற அதே ஒண்ணாந்தேதி பஸ் நிற்கிறது. ஆண்டவர் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ஷிப்டு முடிந்ததும் நேராக டெப்போவுக்குப் போனாள். கிளை மேலாளர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார். மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"சார், காலையில எங்க வண்டியில கால வெக்க எடம் இல்ல. நீங்க வந்து பாருங்க."

"நான் சொல்றதில்லம்மா. மெஷின் சொல்லுது." அவர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். "காலை ட்ரிப்புல உங்க ஊர்ல ஏறினது நாலஞ்சு பேர். எல்லாரும் ஆம்பளைங்க. சாயந்தரமும் அதே கதை."

"பொம்பளைங்க?"

"ஒருத்தர்கூட இல்ல. எனக்கே ஆச்சரியம்தான். எல்லா ரூட்லயும் லேடீஸ் கூட்டம் அள்ளுது. காசில்லாத டிக்கெட்டுன்னாலும் டிக்கெட் டிக்கெட்தானே? எத்தனை டிக்கெட் அடிக்கிறமோ அதுக்குத் தக்கபடி கவர்மென்ட் எங்களுக்குப் பணம் குடுக்குது. உங்க ஊர்ல பொம்பளைங்களே பஸ் ஏற மாட்டாங்க போலிருக்கு."

சாராள் திரையையே உற்றுப் பார்த்தாள்.

"அதோட, உங்க ஊர் ஜனத்தொகையே நானூறு சொச்சம்தானேம்மா" என்றார் அவர், ஆறுதல் சொல்கிற மாதிரி.

"அது எப்ப சார் எடுத்த கணக்கு? அப்ப தொட்டில்ல கிடந்ததெல்லாம் இப்ப ப்ளஸ் டூ படிக்குது. டாங்கிக்கு அந்தாண்ட புதுசா மூணு தெரு வந்துச்சு."

"அடுத்த சென்சஸ் வரட்டும். அதுவரைக்கும் என்கிட்ட இருக்கறது இதுதான்."

சாராளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல முடியாது. சொன்னால் பூபாலனுக்கு வேலை போகும். "நாளைலர்ந்து கணக்கப் பாருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

நடந்தது இதுதான். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு வேண்டாம் என்று ஆன புதிதில், ஒருநாள் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவன், "ஓசியில போறதுக்குத் துண்டுச் சீட்டு வேற ஒரு கேடா" என்று சத்தமாகச் சொன்னான். கீரைக் கூடையோடு மதுராந்தகம் சந்தைக்குப் போகும் ஆதியம்மாள் அப்போதுதான் டிக்கெட்டைக் கையில் வாங்கியிருந்தாள். அதை அப்படியே பூபாலனிடம் திருப்பிக் கொடுத்தாள். "வேணாம் நைனா. எங்களால பேப்பருகூட செலவாச்சுன்னு ஒருத்தன் பேசக் கூடாது." அடுத்த நாள் அவளுக்குப் பின்னால் இருந்தவளும் வாங்கவில்லை. ஒரே வாரத்தில் அது ஊர் வழக்கமாகிவிட்டது. கொன்றைத்தாங்கல் பெண்கள் டிக்கெட் வாங்க மாட்டார்கள். அது ஒரு மானம். பூபாலன் முதலில் கெஞ்சிப் பார்த்தான். பிறகு, அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகிற வேலை மிச்சம் என்று விட்டுவிட்டான். பஸ்ஸுக்கு நஷ்டம் வரக் கூடாது என்று ஊரே ஒற்றுமையாக இருந்து, பஸ்ஸையே நிறுத்தும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது.

அன்று சாயந்தரம் தண்ணீர் டாங்கியடியில் குடங்களோடு பெண்கள் கூடியிருந்தபோது சாராள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் எல்லோரும் ஆதியம்மாளைப் பார்த்தார்கள்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்கறீங்க?" என்றாள் ஆதியம்மாள். "நான் யாரு வாயயாச்சும் கட்டுனனா? நீங்கல்லாம் ரோசக்காரிங்கன்னு நெனச்சேன்."

"ஆதிக்கா, ரோசம் இருக்கட்டும். பஸ் வேணுமா வேணாமா?"

"பஸ் வேணும். ஆனா அந்த ஓசி டிக்கெட்ட கையால தொட மாட்டேன். ஒருத்தன் சொல்லிட்டான்ல?"

"சொன்னவன் டவுன்ல வூடு கட்டிகினு போயே போய்ட்டான். அவன் பேச்ச நீ இன்னும் மூட்ட கட்டி சொமந்துகினு கீற" என்றாள் பரிமளா.

"உனுக்கு இன்னாடி, நீ எது குடுத்தாலும் வாங்கிப்ப. பொங்கலுக்கு ரேஷன்ல ரெண்டு வாட்டி கரும்பு வாங்கனவதான?"

"தோ பாரு, கரும்ப ஏன் இஸ்துகினு வர்ற?"

சண்டை கரும்புக்குப் போய்விடும் போலிருந்தது. சாராள் குரலை உயர்த்தினாள்.

"யக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. அங்க கம்ப்யூட்டர்ல நம்ப ஊருல பொம்பளையே கெடையாது. ஆம்பள நாலு பேரு பஸ் ஏறுறான், அவ்ளோதான். நீ இத்தினி வருசமா கூடைய தூக்கிகினு போறியே, அது யாருக்கும் தெரியாது. அவுங்களப் பொறுத்தவரைக்கும் ஆதியம்மாள்னு ஒருத்தி இல்லவே இல்ல."

ஆதியம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னா சொன்ன? நான் இல்லியா?"

"இல்ல."

"நான் இல்லாமயா மதுராந்தகத்துல பாதிப் பேரு கீர துன்றான்?" இடுப்பில் கை வைத்துக்கொண்டு டெப்போ இருக்கிற திசையைப் பார்த்து முறைத்தாள். "நாளைக்கு மொத டிக்கெட்டு எனுக்குதான். எவளாச்சும் முந்துனீங்க, பாத்துக்கோங்க."

மறுநாள் பூபாலனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. விட்ட வருஷங்களுக்கும் சேர்த்து வாங்குகிற மாதிரி பெண்கள் கையை நீட்டினார்கள். "எனுக்குக் குடுத்தியா?" "என் மருமகளுக்கு?" "கொயந்தைக்கு உண்டா இல்லியா?" பட்டனை அழுத்தி அழுத்தி அவன் கட்டைவிரல் வீங்கியது. மெஷினில் காகிதச் சுருள் தீர்ந்து போனது. டிக்கெட் கொடுத்து முடிக்கவில்லை என்று கூட்டுரோட்டுக்கு முன்னால் பஸ்ஸை ஓரங்கட்டிய டிரைவர் காசிநாதன் கண்ணாடியில் முறைத்தார். "பூபாலா, இந்த வேகத்துல போனா கம்பெனி வண்டி சாயந்தரம் திரும்பி வர்றப்ப நாம போய்ச் சேரலாம்."

சாராள் ஓடித்தான் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தாள். ஆனால் பிடித்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் மனம் லேசாக இருந்தது. கணக்கு ஏறுகிறது, பஸ் நிற்காது என்று தாவீதுக்குப் போனில் சொன்னாள். "நீ கலெக்டரா போயிருக்க வேண்டியவ" என்று அவன் சிரித்தான்.

திங்கட்கிழமை பூபாலனின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, பேஜாராய்டுச்சு. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டாரு. சைபரா இருந்த ஊரு ஒரே நாள்ல எப்படி ரொம்பிச்சுன்னு. நான் காலி வண்டியில குந்திகினு சொம்மா பட்டன அமுக்கறேன்னு நெனைக்கறாரு. ரூட்டக் காப்பாத்த கள்ள டிக்கெட்டு அடிக்கறேனாம்."

"நெசத்தச் சொல்ல வேண்டியதுதான?"

"எந்த நெசத்த? இத்தினி நாளா டிக்கெட்டே குடுக்கலன்றதயா?" பூபாலன் நெற்றியைத் துடைத்தான். "அதுக்கும் வேலை போகும். இதுக்கும் போகும். செக்கிங்குக்கு ஆள் அனுப்புறாங்க. எப்ப வருவாங்கன்னு தெரியாது. ரூட்டு பொய்ன்னு எழுதிட்டாங்கன்னா ஒண்ணாந்தேதிகூடக் கெடையாது, மறுநாளே வண்டிய எடுத்துடுவாங்க."

சாராளுக்கு மடியிலிருந்த பை கனத்தது. நல்லது செய்யப் போய் இவனையும் மாட்டிவிட்டோம். பஸ்ஸும் முன்னதாகவே போகப் போகிறது. அன்று கம்பெனியில் ஒயர்க் கட்டுகளில் நிறம் மாற்றிக் கட்டி, மேற்பார்வைப் பெண்ணிடம் முதல் தடவையாகத் திட்டு வாங்கினாள்.

இரண்டு நாள் கழித்து, விடிகாலையில் வழக்கம்போல் டாங்கியைச் சுற்றித் திரும்பி நின்ற பஸ்ஸில் முதலில் ஏறியவள் சாராள்தான். ஏறியதும் நின்றாள். இடது பக்கம் மூன்றாவது ஜன்னல், அவளுடைய இடம். அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கட்டம் போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி, படிய வாரிய தலை. ஊர்க்காரர் இல்லை. டெப்போவிலிருந்தே காலி வண்டியில் வந்திருக்கிறார். பூபாலன் பின் படிக்கட்டருகே சுவரோடு ஒட்டின பல்லி போல நின்றான்.

சாராள் அவருக்கு எதிர்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் ஆதியம்மாள் கூடையோடு ஏறினாள். சாராள் கண்ணைக் காட்டினாள். அது பெரிய தப்பு. ஆதியம்மாள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, உரத்த குரலில், "அப்பாடா! டெய்லி வர்ற மாதிரியே இன்னிக்கும் வந்துட்டோம்!" என்றாள்.

அந்த மனிதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார்.

"நாங்க டெய்லி வர்றவங்க சார்" என்றாள் ஆதியம்மாள், அவர் கேட்காமலே.

பரிமளா ஏறினாள். காலேஜ் பெண்கள் ஏறினார்கள். ஆஸ்பத்திரி ஆயாக்கள் ஏறினார்கள். பஸ் நிரம்பியது. எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி, "டிக்கெட்டு குடு, டிக்கெட்டு குடு" என்று பூபாலனை மொய்த்தார்கள். காசில்லாத டிக்கெட்டுக்கு இப்படி அடித்துக்கொள்கிற கூட்டத்தை அந்த மனிதர் தம் சர்வீசில் பார்த்திருக்க மாட்டார். பஸ் நகர்ந்ததும் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டார். எல்லப்பன், செக்கிங் இன்ஸ்பெக்டர்.

"யாருப்பா போன் பண்ணினது?" என்றார் பூபாலனைப் பார்த்து.

"யாருக்கு சார்?"

"இவங்களுக்கு. வரும்போது வண்டியில ஈ, எறும்பு கூட இல்ல. திரும்பும்போது திருவிழாக் கூட்டம். நான் வர்றது தெரிஞ்சு ஊரையே வரச் சொல்லியிருக்க."

"சத்தியமா இல்ல சார்."

"எங்க அம்மா மேல சத்தியம், நாங்க டெய்லி..." என்று தொடங்கினாள் ஆதியம்மாள்.

"நீங்க அப்பவே சொல்லிட்டீங்கம்மா" என்றார் எல்லப்பன். "உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்களோ, நல்லாவே சொல்லிக் குடுத்திருக்காங்க."

இத்தனை பேர் வாயைத் திறந்து நிஜத்தைச் சொன்னாலும் பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று சாராளுக்குப் புரிந்தது. கம்பெனி அட்டையை எடுத்து நீட்டினாள்.

"சார், மறைமலைநகர்ல வேலை பாக்கறேன். இந்த வண்டியில போய்த்தான் கம்பெனி பஸ் புடிக்கறேன். இது நின்னா எனக்கு வேலை இல்ல."

எல்லப்பன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க கம்பெனியில வேலை பாக்கறீங்கன்னு இது சொல்லுது. இந்த பஸ்ல போறீங்கன்னு சொல்லலையே? வீட்டுக்காரர் பைக்ல கொண்டுபோய் விடலாம். ஷேர் ஆட்டோவுல போகலாம். தினமும் இந்த வண்டியிலதான் வர்றீங்கன்றதுக்கு என்ன அத்தாட்சி?"

சாராள் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தினமும் போகிறோம் என்பதற்கு அத்தாட்சி எங்கே இருக்கும்? மூச்சு விடுகிறோம் என்பதற்கு அத்தாட்சி கேட்கிற மாதிரி. கண்ணில் நீர் முட்டியது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஏரியில் வெயில் பட ஆரம்பித்திருந்தது. வெள்ளைக் கொக்குகள் வரிசையாக நின்றன. பஸ் கரை மேல் ஏறிக்கொண்டிருந்தது.

சட்டென்று நினைவு வந்து திரும்பினாள். "சார், தலைய..."

"பேச்ச மாத்தாதீங்கம்மா" என்று கையைக் காட்டித் தடுத்தார் எல்லப்பன். முழங்கை ஜன்னலில். காது வெளியே. "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இந்த வண்டியில நீங்க..."

மதகு வளைவு வந்தது.

இடது பக்கத்தில் இருந்த அத்தனை தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. செல்போனில் பேசிக்கொண்டிருந்த காலேஜ் பெண் பேசிக்கொண்டே குனிந்தாள். ஆயா ஒருத்தி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்; அவள் தூங்கியபடியே குனிந்தாள். கைக்குழந்தைகூட அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நிமிர்ந்திருந்தது ஒரே ஒரு தலை. வேலிகாத்தான் கிளை அதைச் சரியாகக் கண்டுபிடித்தது. சளேரென்று முகத்தில் வீசிவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் பின் சீட்டுக்கு அனுப்பிவைத்து, தலைமுடியைக் கலைத்துப் பாதி இலையை அதிலேயே விட்டுவிட்டுப் போனது.

"ஐயையோ!" என்று எல்லப்பன் துள்ளி எழுந்தார். எழுந்திருக்கக் கூடாத இடம் அது. வளைவை அடுத்துப் பெரிய பள்ளம். நின்றிருந்த பெண்கள் எல்லோரும் பேசாமல் இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. எல்லப்பன் நடைபாதையில் இரண்டு தப்படி தள்ளாடி, ஆதியம்மாளின் கூடையில் முளைக்கீரைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்தார்.

ஆதியம்மாள் அவரைக் குனிந்து பார்த்தாள். அவள் குரலில் இப்போது நடிப்பு எதுவும் இல்லை.

"சார் இந்த வண்டிக்குப் புதுசா?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், பஸ் முழுக்க வெடித்தது. சிரிக்கக் கூடாதே என்று பூபாலன் டிக்கெட் மெஷினால் வாயை மூடிக்கொண்டான். சாராளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதிகாரியை அடித்த மாதிரி ஆகிவிட்டதே, இன்னும் கோபப்பட்டு ஏதாவது எழுதிவிடுவாரே என்று பதறி, கைக்குட்டையை நீட்டினாள்.

"காதுல ரத்தம் சார். லேசாத்தான். நான் சொல்ல வந்தேன்..."

எல்லப்பன் கைக்குட்டையை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். பின் சீட்டிலிருந்து மூக்குக் கண்ணாடி கை மாறி கை மாறி வந்தது. அதை மாட்டிக்கொண்டு, குனிந்து நிமிர்ந்த அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவர் தலையிலும் ஓர் இலை இல்லை. ஒருவர் பூவும் கலையவில்லை.

"நீங்க எல்லாரும் எப்படிம்மா ஒரே நேரத்துல குனிஞ்சீங்க?" என்றார்.

"குனிஞ்சமா?" என்றாள் பரிமளா. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"இந்தம்மா தூங்கிகிட்டு இருந்தாங்க. தூங்கிகிட்டே குனிஞ்சாங்களே!"

ஆயா விழித்துக்கொண்டு, "கூட்டுரோடு வந்துடுச்சா?" என்றாள்.

எல்லப்பன் தன் தலையிலிருந்து ஒரு முள்ளை எடுத்து, அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய சாராளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

"தினமும் வராதவன் இந்த வண்டியில நான் ஒருத்தன்தான்" என்றார்.

சாராள் அப்போதுதான் மூச்சை விட்டாள்.

ஆனால் அவர் விடவில்லை. கூடையிலிருந்து எழுந்து, கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பூபாலன் பக்கம் திரும்பினார். "சரி, கூட்டம் நிஜம். அப்ப இதுக்கு முன்னாடி ஏன்யா கணக்குல ஒரு பொம்பளைகூட இல்ல?"

பூபாலன் சாராளைப் பார்த்தான். சாராள் ஏதோ சொல்ல எழுந்தாள். அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு ஆதியம்மாள் எழுந்தாள்.

"அந்தப் புள்ளைய மெரட்டாத சார். அவன் குடுத்தான், நாங்கதான் வேணாம்னோம். ஓசின்னு ஒருத்தன் சொல்லிட்டான். எங்களால பஸ்ஸுக்கு ஒரு துண்டுப் பேப்பரு நஷ்டமாக் கூடாதுன்னு நான்தான் ஆரம்பிச்சு வெச்சேன். இவளுங்கல்லாம் என் பின்னால வந்தவளுங்க. எதுனா எய்தறதுன்னா என் பேர எய்திக்கோ. ஆதியம்மாள். அதான் கம்ப்யூட்டர்ல நான் இல்லியாமே, இப்பயாச்சும் ஏத்திக்கோ."

எல்லப்பன் அவளையே பார்த்தார். "பஸ்ஸுக்கு நஷ்டம் வரக் கூடாதுன்னு டிக்கெட் வாங்காம இருந்தீங்க?"

"ஆமா."

"அதனால பஸ்ஸையே நிறுத்தப் பார்த்தாங்க?"

"அதுக்கு நான் இன்னா சார் பண்றது? நான் படிச்சனா, கண்டனா?" என்றாள் ஆதியம்மாள். பஸ் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை சாராளும் சிரித்தாள்.

எல்லப்பன் பூபாலனிடம் குரலைத் தாழ்த்தினார். "கள்ள டிக்கெட்டுன்னு எழுத மாட்டேன். ரூட்டு நிஜம்னு எழுதறேன். ஆனா டிக்கெட் குடுக்காம விட்டதுக்கு மெமோ வரும். அதத் தடுக்க முடியாது. தப்பு நடந்துடுச்சுன்னு ஒழுங்கா பதில் எழுதிக் குடு. இனிமே அவங்க வேணாம்னாலும் கையில திணி."

"திணிக்கிறேன் சார்" என்றான் பூபாலன். அவன் கண் கலங்கியிருந்தது.

"வண்டி நிக்காதில்ல சார்?" சாராள் கேட்டே விட்டாள்.

"இத்தனை கூட்டத்த ஏத்திகிட்டுப் போற வண்டிய நிறுத்தினா என்னைத்தான் கேப்பாங்க. நிக்காதும்மா." காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதோட, அந்தக் கிளைய வெட்டச் சொல்லியும் எழுதறேன். யாருக்காவது கண்ணுல பட்டுடும்."

"ஐயோ, வேணாம் சார்!" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது.

"ஏம்மா?"

"மறுபடி செக்கிங் வந்தா நாங்க இன்னாத்தக் காட்டறது?" என்றாள் பரிமளா.

கூட்டுரோடு வந்தபோது கம்பெனி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. காசிநாதன் அதன் முன்னால் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினார். அந்த டிரைவர் ஹாரனை அலற விட்டான். "இருடா மச்சான், எங்க ஊர் பர்மனென்ட்டு ஒண்ணு எறங்கினு கீது" என்று காசிநாதன் ஜன்னல் வழியாகக் கத்தினார். சாராள் இறங்கி ஓடினாள். ஓடும்போது திரும்பிப் பார்த்தாள். எல்லப்பன் வேட்டி கட்டின ஒரு கிழவரின் பக்கத்தில் நின்று டீ வாங்கிக்கொண்டிருந்தார். பின்னந்தலையில் இன்னும் இரண்டு இலை இருந்தது.

ஒண்ணாந்தேதி மதியம் ஆர்டர் கையில் வந்தது. அன்று சாயந்தரமே தாவீது சனிக்கிழமை வரை காத்திருக்காமல் ஒரு கிலோ கோழியோடு வந்து சேர்ந்தான். இராத்திரி பேச்சு முடிந்து படுக்க நேரமாகிவிட்டது.

மறுநாள் காலையில் பஸ் டாங்கியைச் சுற்றி வந்து நின்றது. சாராள் மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்தாள். பூபாலன் வந்து டிக்கெட்டை அவள் கையில் திணித்தான். பின்னால் ஆதியம்மாள், தன் டிக்கெட்டில் எழுத்து மங்கலாக இருக்கிறது, வேறு கொடு என்று அவனோடு மல்லுக்கு நின்றாள். பரிமளா சாப்பாட்டுப் பையைச் சாராளின் மடியில் வைத்துவிட்டு எதையோ சொல்லத் தொடங்கினாள். கரும்பு விஷயம்தான்.

பல நாள் கழித்து மனசில் எந்தப் பாரமும் இல்லாத காலை அது. ஏரிக்காற்று முகத்தில் பட்டது. பரிமளா சொல்லி முடிப்பதற்குள் சாராளின் கண் சொக்கியது. டிக்கெட் விரல்களுக்குள் சுருண்டிருந்தது. ஆழ்ந்து தூங்கிப் போனாள்.

மதகு வளைவு வந்தது. அவள் தலை தானாகக் குனிந்தது.